ஐம்பத்திரண்டு நிமிடத் தூரம்

ஜனவரி 11

அன்புள்ள வாலு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாகப் போனால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. மணி ஒன்று ஆகப்போகிறது. உருண்டை இப்போதுதான் கண்ணை மூடினாள். கூடத்து விளக்கைப் போட்டால் விழித்துவிடுவாள். சமையலறை பல்பு போய் நாலு நாளாகிறது. ஃபிரிட்ஜ் கதவைப் பாதி திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். உன் அத்தான் மூன்றரைக்கு எழுந்து ரொட்டி வண்டி எடுக்க வேண்டியவர். பார்த்தாரானால், "கடுதாசி எழுதறதுக்கு வீட்டையே குளிர வைக்கணுமா?" என்பார்.

நீ எப்படி இருக்கிறாய்? பல் செய்கிற வேலை எப்படிப் போகிறது? ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிறவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மழைக்காரரையும் விசாரித்ததாகச் சொல். வானிலை நிலையத்தில் உட்கார்ந்து மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் எப்படித்தான் கீழே குனிந்து உன்னைப் பார்த்தாரோ.

கல்யாணப் பேச்சைக் கடிதத்திலேயே வைத்துக்கொள்வோம் என்கிறாய். சரிதான். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீ கத்துவாய், நாலாவது நிமிடம் நான் அழுவேன், ஐந்தாவது நிமிடம் உருண்டை எழுந்துவிடுவாள். கடிதத்தில் எழுதியதை அடித்துவிடலாம். இந்தப் பக்கத்திலேயே மூன்று வரி அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

மண்டபம் வேண்டாம், நகரம் வேண்டாம் என்கிறாய். மலையோ ஏரியோ பள்ளத்தாக்கோ, கண்ணுக்கு நிறைவான ஒரு நாட்டுப்புறத்தில் நாற்பது பேரோடு திறந்தவெளிக் கல்யாணம். அந்தப் பகுதியைத் தேடிச் சொல்வது என் பொறுப்பு. "பூகோளம் படிச்சவ, வீட்டுல சும்மாதானே இருக்க" என்று வேறு எழுதியிருக்கிறாய். கைக்குழந்தைக்காரியைச் சும்மா இருக்கிறவள் என்று சொன்ன வாய்க்கு நீயே ஒரு பல் செட் செய்து வைத்துக்கொள். ஆனால் உனக்கு நான் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்? நம் பக்கத்தில் இருப்பதே நான் ஒருத்திதான்.

போன மாதம் உருண்டைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன் இல்லையா? அப்போது கொஞ்சம் வலிப்பும் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவது உண்டு, வளர வளரப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறாள். நீ அதை நினைத்துக்கொண்டிருக்காதே.

ஏன் இந்தத் திறந்தவெளிப் பிடிவாதம் என்று மட்டும் எழுது. காரணம் தெரிந்தால் தேடுவது சுலபம்.

உன்
அக்கா


ஜனவரி 22

அக்கா,

உன் கடிதத்தில் வெண்ணெய்க் கறை இருந்தது. ஃபிரிட்ஜ் வெளிச்சத்துக்குச் சாட்சி! இங்கே இருவரும் சுகம். அத்தான் தூங்குகிறாரா? நீ தூங்குகிறாயா? உருண்டைக்குப் பல் வந்ததா? ஏழு மாதம் முடிந்தும் பொக்கை வாய் என்றால் என் தொழிலுக்கே அவமானம். வரவில்லையென்றால் சொல், இரண்டு செய்து தபாலில் அனுப்புகிறேன். காய்ச்சல் விட்டதில் நிம்மதி.

காரணம் கேட்டாய். சித்தி வீட்டில் நமக்குக் கொடுத்த அறை ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கை நீட்டினால் தொடலாம். நீ மருந்துக்கடைக் காலண்டரிலிருந்து ஒரு பள்ளத்தாக்குப் படத்தைக் கிழித்து அந்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாய். அம்மா அப்பா போன அந்த வருஷம் முழுக்க, நான் அழும்போதெல்லாம் "வாடி, வெளிய பாக்கலாம்" என்று அதற்கு முன்னால் உட்கார வைப்பாய். எனக்கு எட்டு வயது, உனக்குப் பதினாலு. "உன் கல்யாணத்தை இதுக்குள்ள நடத்தறேன், பாரு" என்று சொன்னது யார்? நானா?

இன்னொன்று. உன் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் முடிந்தது. கையெழுத்துப் போடப் பேனா எழுதவில்லை, நான் தெருவில் ஓடிப்போய் வாங்கி வந்தேன். உட்கார நாற்காலிகூட இல்லை உனக்கு. என் கல்யாணத்தில் நீ முதல் வரிசையில் உட்கார வேண்டும், நல்ல காற்றில், கையில் எந்த வேலையும் இல்லாமல். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் வராவிட்டாலும் பரவாயில்லை.

செப்டம்பர் இரண்டாம் பாதியில் மழை குறைவு என்று மழைக்காரர் சொல்கிறார். "குறைவா, இல்லையா?" என்று கேட்டால், "எங்க ஆபீஸ்ல 'இல்லை'ங்கற வார்த்தையே கிடையாது" என்கிறார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் காலத்துக்கும் குடையோடுதான் அலையவேண்டும் போல.

அத்தானுக்கு என் வணக்கம். உருண்டைக்கு இரண்டு கன்னத்திலும்.

வாலு


பிப்ரவரி 9

அன்புள்ள வாலு,

எல்லோரும் சுகம். பல் இன்னும் இல்லை. தடவிப் பார்த்தால் ஈறு சோப்பு மாதிரி வழுக்குகிறது. பிந்தி வந்தால் ஏதாவது குறை இருக்குமா? உனக்குத் தெரிந்திருக்குமே, எழுது.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் போய் வந்தோம். அத்தானுக்கு அன்றுதான் விடுமுறை. காலித் தட்டுகளோடு ரொட்டி வண்டியிலேயே போனோம். வண்டி முழுக்க ரொட்டி வாசனை. உருண்டை வழிநெடுக நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே வந்தாள். அத்தானைத்தான் உனக்குத் தெரியுமே, எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்து வண்டி ஓட்டுகிறவர். இந்தப் பயணத்துக்கும் ஒரு சீட்டு எழுதினார்.

சரிவில் மரத்தால் கட்டிய விடுதி ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரர் எங்களை விளிம்பில் நிறுத்தி, "கண்ணுக்கு எட்டின வரைக்கும் பச்சைதான் மேடம்" என்று கையை வீசிக் காட்டினார். ஒரே மூடுபனி. அத்தான், "கண்ணுக்கு எங்க கைகூட எட்டலையேங்க" என்றார். அரை மணி கழித்துப் பனி விலகியது. உண்மையிலேயே பச்சைதான். படிப்படியாக இறங்கி, அடியில் ஒரு வெள்ளைக் கோடாக ஆறு. அழகுக்குக் குறைவில்லை.

ஆனால் வேண்டாம். முப்பத்தொரு வளைவுகள். உன் விருந்தாளிகள் பாதி வழியில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது, பனியில் இன்னும் கூட.

அடுத்து ஏரிப்பக்கம் பார்க்கிறேன். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

மலை போனால் போகட்டும். வளைவுக்கெல்லாம் பயப்படுகிறவர்கள் வராமல் இருந்தால் சாப்பாடு மிச்சம் என்கிறார் மழைக்காரர். அவருக்கு உன் கடிதங்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. "உங்க அக்கா எங்க ஆபீசுக்கு வந்திருக்க வேண்டியவங்க" என்கிறார். இடங்களையெல்லாம் ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டி எழுத ஆரம்பித்திருக்கிறார்: காட்சி, அறைகள், மழை, சாப்பாடு, இப்படி. கல்யாணத்துக்கும் அட்டவணை!

பல் பிந்தி வருவதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பல் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "பதிமூணு மாசம் வரைக்கும் கவலைப்படவே வேண்டாம்னு சொல்லு" என்றார். எதற்கெடுத்தாலும் பயப்படாதே அக்கா. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

ஏரியை விட்டுவிடாதே. தண்ணீர் எனக்குப் பிடிக்கும்.

வாலு


மார்ச் 3

அன்புள்ள வாலு,

பல் டாக்டருக்கு என் நன்றியைச் சொல். அந்தப் பதிமூன்று மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டேன். இங்கே சுகம்.

ஏரிக்குப் போனோம். கரையில் விடுதி, பன்னிரண்டு அறைகள், சுத்தமான படுக்கைகள். சாப்பாடும் நன்றாக இருக்கும் என்கிறார்கள், நாங்கள் சாப்பிடவில்லை, நேரமாகிவிட்டது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தெட்டு நிமிடம், அதில் பாதி மண்பாதை. மழை பெய்தால் வண்டி புதையும். கொசுவும் உண்டு. வேண்டாம்.

ஏரி எப்படி இருந்தது என்று கேட்பாய். பெரிய ஏரி.

ஒன்று கேட்க வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவேளை என்னால் வர முடியாமல் போனாலும் நீங்கள் நன்றாக நடத்திக்கொள்வீர்கள் இல்லையா? சும்மா கேட்டேன். அதற்காக வரிந்து கட்டிக்கொண்டு எழுதாதே.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள வாலு,

நலமா? இரண்டு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. "வர முடியாமல் போனாலும்" என்று எழுதியதற்குக் கோபமா? சும்மாதான் கேட்டேன் என்று எழுதியிருந்தேனே.

நேற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனோம்.

எப்படிச் சொல்வது? இரண்டு பக்கமும் மலை இருக்கிறது, ஆனால் மேலே விழுகிற மாதிரி நெருக்காது. தள்ளி நின்று கைகட்டிக்கொண்டு பார்க்கிற மாதிரி நிற்கிறது. நடுவில் பழத்தோட்டம், வரிசை வரிசையாக. நாங்கள் போனது சாயங்காலம். வெயில் ஒரு பக்கத்து மலையில் மெல்ல ஏறிப்போய் உச்சியில் மட்டும் நின்றது. கீழே நிழல் வந்த பிறகும் மேலே பத்து நிமிடம் பகல். அத்தான் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டார். அவர் இன்ஜினை அணைத்தாரென்றால் பார்த்துக்கொள். உருண்டை என் தோளில் தலையை வைத்து, ஏதோ பெரியவள் மாதிரி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவில் சின்னப் புல்வெளி. நாற்பது நாற்காலி போடலாம். நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்றுகூடப் பார்த்தேன். பின்னால் மலை தடுப்பதால் உன் தலைமுடி கலையாது. சத்தம் என்று எடுத்தால் ஓடை ஒன்றுதான். அதுவும் நாம் பேசினால் சும்மா இருக்கும், நாம் சும்மா இருந்தால் பேசும்.

வேண்டாம் வாலு. ஆஸ்பத்திரிக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். அத்தான் வேகமாக ஓட்டியும் அவ்வளவு.

இங்கே எங்கள் ஊர் ஓரத்தில், பூங்காவை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. மின்விசிறிகள் நன்றாக ஓடுகின்றன. ஆஸ்பத்திரிக்கு நாலே நிமிடம். யோசித்துப் பார்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும், உருண்டை நலமா?

மூன்று இடம் பார்த்தாய், மூன்றும் வேண்டாம். ஒன்றில் வளைவு, ஒன்றில் கொசு. கடைசியில் ஒரு இடத்தைப் பற்றி இப்படியெல்லாம் எழுதி, நான் இங்கே பல்லை அச்சில் வார்க்க மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒரே வரியில் "வேண்டாம் வாலு." அதற்குப் பதில் மின்விசிறி ஓடுகிற மண்டபம்! மனசு இல்லாதவளுக்கு மலையும் கோணல், மண்ணும் கோணல்.

உனக்கு அவரைப் பிடிக்கவில்லையா? இல்லை, இந்தக் கல்யாணமே வேண்டாமா? வர முடியாமல் போனால் என்று கேட்டிருந்தாயே, அது சும்மா கேட்டதில்லை. உன்னை எனக்குத் தெரியும். வர இஷ்டமில்லையென்றால் நேராகச் சொல். இடத்தின் மேல் பழி போடாதே.

வாலு


மே 6

அக்கா,

ஐந்து வாரமாகிவிட்டது. நீ எழுதவில்லை. நானே நம் ஒப்பந்தத்தை மீறி மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அத்தான்தான் எடுத்தார். "தூங்கறா" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நீ தூங்குகிறவளா?

நேற்று மழைக்காரர் அந்த அட்டவணையை எடுத்து மேஜையில் விரித்தார். இடத்தை நாமே முடிவு செய்துவிடலாம் என்றுதான். உன் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அவர் நிரப்பியது. எத்தனை அறைகள் என்ற கட்டம்: ஏரிக்கு மட்டும் பன்னிரண்டு, மற்றதெல்லாம் வெறும் கட்டம். காட்சி: ஏரிக்கு "பெரிய ஏரி", மண்டபத்துக்கு ஒன்றுமில்லை. சாப்பாடு: ஏரிக்கு மட்டும், அதுவும் கேள்விப்பட்டது. பென்சிலால் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனவர் ஒரு வரிசையில் நின்றுவிட்டார். "இந்த ஒரு கட்டம்தான் எல்லா இடத்துக்கும் நிரம்பியிருக்கு, பாரு" என்றார்.

ஒரு மணி பத்து. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. நாலு.

ஆஸ்பத்திரி என்ற அந்தக் கட்டத்தை நான் போடச் சொல்லவே இல்லை அக்கா. நீ ஒவ்வொரு தடவையும் எழுதினதால் அவராகவே சேர்த்திருக்கிறார்.

அப்புறம்தான் உன் முதல் கடிதத்தை எடுத்தேன். "கொஞ்சம் வலிப்பும் வந்தது." அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "காய்ச்சல் விட்டதில் நிம்மதி." வலிப்பு என்ற வார்த்தையைத் தாண்டிப் போய்ப் பல்லைப் பற்றி ஜோக் அடித்திருக்கிறேன். நீ அடித்திருந்த மூன்று வரிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. அவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறாய்.

போன கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போது கிழித்துவிடு.

அந்த மண்டபத்தையே வைத்துக்கொள்ளலாம். நாலு நிமிடம் எனக்குப் போதும். நீ இல்லாத பள்ளத்தாக்கு எனக்கெதற்கு? மின்விசிறி ஓடட்டும். மழைக்காரருக்கும் சம்மதம். கூரை இருந்தால் அவருடைய கணிப்பு தப்பினாலும் யாரும் திட்ட மாட்டார்களாம்.

வாலு


மே 15

என் வாலு,

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். நாலு நாளாக எழுதுகிறேன். போனில் "தூங்கறா" என்று அத்தானைச் சொல்லச் சொன்னதும் நான்தான், உனக்குப் பதில் சொல்லத் தைரியம் வரவில்லை. இதில் எதையும் அடிக்கவில்லை.

டிசம்பரில் வலிப்பு வந்த அன்று மத்தியானம் உருண்டை உடம்பு கொஞ்சம் சுட்டது. துணியை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிவிட்டது. உதடு நீலம். அத்தான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலில் ஷூவோடு வண்டியை எடுத்தார். நான் பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்திருந்தேன். தெருமுனை திரும்புவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. அவள் துவண்டு, அசையாமல் கிடந்தாள். வலிப்பு முடிந்தால் குழந்தை அப்படி அயர்ந்துவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. போய்விட்டாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் நான் குழந்தை இல்லாதவளாக இருந்தேன். வாசலில் நர்ஸ் வாங்கிக்கொண்டதும் வீறிட்டு அழுதாள் பார், அந்தச் சத்தம் இன்னும் என் காதில்தான் இருக்கிறது.

டாக்டர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே கொண்டு வா. "பயந்துட்டா அம்மா தூங்கமாட்டா, குழந்தை நல்லா தூங்கும்" என்று சிரித்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று.

அன்றிலிருந்து வீட்டை விட்டு நான் எங்கும் தூரமாகப் போனதில்லை. உனக்கு இடம் பார்க்க மட்டும் போனேன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போனேன். போனதும் முதல் வேலையாக, "ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துரலாமா?" என்பேன். அத்தான் ஓட்டுவார், நேரத்தைச் சீட்டில் எழுதுவார், திரும்புவார். ஏரியை நான் பார்க்கவே இல்லை. அங்கிருந்த நேரமெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதையைத்தான் பார்த்தேன். பள்ளத்தாக்கில் மட்டும், ஆஸ்பத்திரி போய்த் திரும்பி வரும்போது வெயில் அந்த உச்சியில் நின்றுவிட்டது. பார்த்துத் தொலைத்தேன். அதனால்தான் அவ்வளவு எழுதினேன்.

கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் என்று தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பிவிடலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதே. என் பயத்தின் அளவுக்கு உன் கல்யாணத்தைத் தைக்க வேண்டாம். பிறகு அதை நீயும் போட முடியாது, நானும் பார்க்க முடியாது. உன் அத்தானிடம் ஜூன் ஆறாம் தேதியிலிருந்து இரண்டு நாள் லீவு கேட்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளத்தாக்கில் தங்கிப் பார்க்கப் போகிறோம், இரண்டு ராத்திரி. முடியும் என்று சத்தியம் செய்யவில்லை. பாதி ராத்திரியில் திரும்பி ஓடி வந்தாலும் வருவேன். அப்படி வந்தால் சிரிக்காதே.

அக்கா


மே 24

அக்கா,

சிரிக்க மாட்டேன்.

போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி இருந்தாலும் சரி, ஒரு மணி நேரம் இருந்தாலும் சரி. திரும்பி ஓடி வந்தால் வந்த கையோடு மண்டபத்துக்குப் போய் மின்விசிறியைப் போட்டுப் பார்.

மழைக்காரர் உனக்காகத் தனியாகக் கணித்துச் சொல்லியிருக்கிறார்: முதல் நாள் தெளிவு, இரண்டாம் நாள் ராத்திரி சிறு தூறல், இடி இல்லை. "இடி இல்லை"யா என்று கேட்டேன். "இந்த ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொல்றேன்" என்றார். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வெளியே சொல்லாதே.

உருண்டைக்கு இந்த வாரத்தோடு வயது ஒன்று. இன்னும் பொக்கையா?

வாலு


ஜூன் 7

அன்புள்ள வாலு,

மறுபடியும் அகாலத்தில்தான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இந்தத் தடவை ஃபிரிட்ஜ் வெளிச்சம் இல்லை. பள்ளத்தாக்கில் விடுதி நடத்துகிற அம்மா மேஜை விளக்கில் ஒரு துண்டைப் போர்த்திக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது ராத்திரி. வெளியே தூறுகிறது. இடி இல்லை. மழைக்காரரின் வேலைக்கு ஆபத்தில்லை.

உன் அத்தானும் உருண்டையும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். இவ்வளவு நேரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி நான் தூங்கவில்லை. அவள் நெஞ்சில் கையை வைத்து உட்கார்ந்தே இருந்தேன். விடிந்ததும் விடுதி அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, படுக்கை சரியில்லையா?" என்றார். வலிப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. "எத்தனை தடவை?" என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். "எத்தனை மாசமாச்சு?" ஆறு மாதம். "ஆறு மாசமா உனக்குத்தான் நிக்காம வருது போல" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இன்று ராத்திரி பத்து மணிக்கு உருண்டை சிணுங்க ஆரம்பித்தாள். தொட்டால் கன்னம் சூடு. அத்தான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "வண்டியை எடுக்கட்டா?" என்றார். எடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தவள், "இருங்க, முதல்ல பாத்துக்கறேன்" என்றேன். தெர்மாமீட்டர் வைத்தேன். தொண்ணூற்றொன்பது. காய்ச்சல் என்று சொல்ல முடியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டபடி, கதவருகே நின்றார். ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தேன், பத்து நிமிடம். அரை மணியில் சூடு இறங்கிவிட்டது. ஆனால் சிணுங்கல் மட்டும் நிற்கவில்லை. சமாதானப்படுத்த விரலை வாயில் கொடுத்தேன்.

கடித்துவிட்டாள்.

நறுக்கென்று, ரத்தம் வராத குறை! கத்தியேவிட்டேன். அத்தான் பதறிப்போய், "என்ன, வந்துருச்சா?" என்றார். "வந்துருச்சுங்க" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "பல்லுங்க, பல்லு!" டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழ் ஈறில், நடுவில், அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று. இருவரும் பாதி ராத்திரியில் அவள் வாய்க்குள் தலையை விடாத குறையாகப் பார்த்துச் சிரித்ததில் விடுதி அம்மா எழுந்து வந்துவிட்டார். அவருக்கும் காட்டினோம்.

ஆகவே உன் தொழில் பிழைத்தது. பதிமூன்று மாதத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று உங்கள் பல் டாக்டரிடம் சொல்.

இனி அட்டவணைக்கு. அறைகள் பதினேழு, எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். சாப்பாடு ருசி, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல், சொன்னால் குறைப்பார்கள். புல்வெளியில் இன்று நிஜமாகவே நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன், நாற்பதும் கொள்ளும். முதல் வரிசையில் ஓரமாக ஒன்றில் உட்கார்ந்தேன். மலை தெரிகிறது, நீ நிற்கப்போகிற இடமும் தெரிகிறது. ஜன்னலில் ஒட்டின படத்தில் ஓடை இடப்பக்கம் இருந்தது, இங்கே வலப்பக்கம். அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். அது குறையவில்லை. மழைக்காரரை அந்தக் கட்டத்தை அழிக்கச் சொல்லாதே, இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அக்கா வருகிறாள் என்று எழுதச் சொல். பயந்துகொண்டுதான் வருவேன். ஆனால் வருவேன்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதியை இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் விடுதி அம்மா நமக்காக வைத்திருப்பாராம். பதில் சீக்கிரம் போடு.

அக்கா